லிப்யூவியில் டைமரும் சாக்கெட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லிப்யூவி என்பது டைமர், சாக்கெட் போன்றவற்றைக் காத்திருந்து கவனிக்கும் ஒரு சி லைப்ரரி. சி மொழியில் அதை வைத்து சர்வர் எழுதுபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் 1.x வரிசைக்கானவை. ஃபங்ஷன் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். அடிக்கோடுகள் அசலில் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. டைமரையும் சாக்கெட்டையும் ஏன் ஒரே பக்கத்தில் வைத்தேன் என்றால், நடைமுறையில் ஒன்றில்லாமல் மற்றொன்றை ஒழுங்காக எழுத முடியாது. நேரக்கெடு இல்லாத கனெக்ஷன் என்றைக்காவது ஒருநாள் சர்வரைப் படுக்க வைக்கும்.

லிப்யூவி எதற்காக வந்தது?

ரையன் டால் 2009-இல் நோட்.ஜேஎஸ்ஸை (சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் தளம்) வெளியிட்டபோது அதன் அடியில் இருந்தது லிப்இவி என்ற லைப்ரரி. யுனிக்ஸ் வகைகளில் அது நன்றாக ஓடும். விண்டோஸில்தான் சிக்கல். யுனிக்ஸ் பக்கத்தில் லினக்ஸின் இபோல், மேக்கின் கேக்யூ எல்லாம் "இந்த சாக்கெட் இப்போது வாசிக்கத் தயார்" என்று சொல்லும். விண்டோஸின் ஐஓசிபி "நீ கேட்ட வாசிப்பு முடிந்துவிட்டது" என்று சொல்லும். இரண்டும் வேறு வேறு சிந்தனை. இரண்டையும் ஒரே முகப்புக்குள் கொண்டுவர 2011-இல் லிப்யூவி தொடங்கியது. "வாசி என்று சொல், தரவு வந்ததும் கால்பேக் (நீங்கள் கொடுத்து வைத்த ஃபங்ஷனுக்கான அழைப்பு) வரும்" என்ற அதன் பாணி விண்டோஸ் பக்கத்துச் சிந்தனைக்கு நெருக்கமானது. இதைத் தெரிந்துகொண்டால் கீழே வரும் பல விதிகளுக்குக் காரணம் தானாகவே புரியும்.

100 மில்லிசெகண்ட் டைமர் வைத்தேன், 140-இல்தான் அடிக்கிறது. லைப்ரரியில் பிழையா?

இல்லை. லிப்யூவி டைமர் யாரையும் இடைமறிக்காது. லூப், அதாவது நிகழ்வுகளுக்குக் காத்திருந்து கால்பேக்குகளைக் கூப்பிடும் சுற்று, ஓடுவது ஒரே த்ரெட்டில். உங்கள் கால்பேக் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது வேறு எந்தக் கால்பேக்கும் ஓட முடியாது. 100-ஆவது மில்லிசெகண்டில் நீங்கள் ஒரு பெரிய ஜேசானைப் பிரித்துக்கொண்டிருந்தால், அது முடிந்து கட்டுப்பாடு லூப்புக்குத் திரும்பிய பிறகுதான் டைமருக்கு முறை வரும்.

ஆகவே டைமர் தரும் வாக்குறுதி ஒன்றுதான்: "இந்த நேரத்துக்கு முன்னால் கூப்பிட மாட்டேன்." எவ்வளவு பின்னால் என்பது உங்கள் மற்றக் கால்பேக்குகளின் கையில் இருக்கிறது. டைமர் தாமதமாகிறது என்றால் டைமர் கோடைப் பார்க்காதீர்கள். லூப்பை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தேடுங்கள்.

கால்பேக்கின் கடைசியில் 50 மில்லிசெகண்ட் டைமர் தொடங்கினேன். காத்திருக்காமல் உடனே அடித்துவிட்டது. எப்படி?

மேலே சொன்னதற்கு நேர் எதிர் போலத் தெரியும், ஆனால் வேர் ஒன்றுதான்.

லிப்யூவி ஒவ்வொரு முறையும் கெர்னலிடம் மணி கேட்பதில்லை. லூப் ஒரு சுற்றில் ஒருமுறை நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறது. யூவி_நவ் திருப்பித் தருவது அந்தக் குறிப்பைத்தான். யூவி_டைமர்_ஸ்டார்ட்டும் அதிலிருந்தே கணக்குப் போடுகிறது. உங்கள் கால்பேக் 80 மில்லிசெகண்ட் வேலை செய்துவிட்டு அப்புறம் 50 மில்லிசெகண்ட் டைமரைத் தொடங்கினால், லூப்பின் குறிப்பு இன்னும் பழைய நேரத்தில் நிற்கிறது. பழைய நேரம் கூட்டல் 50 என்பது ஏற்கெனவே 30 மில்லிசெகண்ட் கடந்துபோன கணம். அடுத்த வாய்ப்பிலேயே அடித்துவிடும்.

நீண்ட வேலைக்குப் பிறகு டைமர் தொடங்கினால், முதலில் யூவி_அப்டேட்_டைம் ஒருமுறை கூப்பிடுங்கள். எல்லா இடத்திலும் போட வேண்டியதில்லை. சின்னச் சின்னக் கால்பேக்குகளுக்கு அந்தக் குறிப்பே போதும், கெர்னல் அழைப்பும் மிச்சம்.

கம்ப்யூட்டரின் மணியை யாராவது மாற்றினால் டைமர் குழம்புமா?

குழம்பாது. லூப் பார்ப்பது சுவர்க் கடிகாரத்தை அல்ல, முன்னோக்கி மட்டுமே நகரும் ஒரு கடிகாரத்தை. அதனால் யூவி_நவ் தரும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குத்தான் அர்த்தம். லாகில் தேதி எழுத அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஒரு செகண்டுக்கு ஒருமுறை ரிபீட் டைமர் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் ஏழு செகண்ட் பின்தங்கிவிட்டது.

ரிபீட் டைமர் அடிக்கும்போது, அடுத்த முறைக்கான நேரம் "அடிக்க வேண்டியிருந்த கணத்திலிருந்து" கணக்கிடப்படுவதில்லை. லூப்பின் அப்போதைய நேரத்திலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் 2 மில்லிசெகண்ட் தாமதம் என்றால் 3,600 முறையில் 7.2 செகண்ட். அந்தச் சின்னச் சின்னத் தாமதங்கள் திரும்பி வரவே வராது.

புள்ளிவிவரம் அச்சிட, பழைய கேஷைத் துடைக்க இதனால் ஒரு கேடும் இல்லை. தாளம் தப்பக் கூடாத வேலை என்றால் ரிபீட்டைப் பூஜ்யமாக வைத்து, தொடங்கிய நேரத்தை நீங்களே வைத்திருந்து, "தொடக்கம் + முறை எண் × இடைவெளி" என்று அடுத்த கணத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழித்து, மீதிக்கு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கழித்தது நெகடிவாக வந்தால் பூஜ்யம் கொடுங்கள். அந்த அளவுரு குறியில்லாத 64 பிட் எண், நெகடிவைக் கொடுத்தால் பிரமாண்டமான எண்ணாக மாறிவிடும்.

பத்தாயிரம் கனெக்ஷனுக்குப் பத்தாயிரம் டைமர் வைக்கலாமா?

தாராளமாக. டைமர்கள் ஒரு மின்-ஹீப்பில் (மிகச் சிறிய மதிப்பு எப்போதும் உச்சியில் நிற்கும் மர அமைப்பு) இருக்கின்றன. ஒன்றைச் சேர்ப்பதும் நீக்குவதும் பத்தாயிரத்துக்குச் சுமார் 14 படிகள். லூப் தூங்கப் போகும் முன் ஹீப்பின் உச்சியில் இருப்பதை மட்டும் பார்த்து, "இவ்வளவு நேரம்தான் காத்திரு" என்று இபோலிடம் சொல்லும். டைமரே இல்லை என்றால் ஏதாவது நடக்கும் வரை காலவரையின்றித் தூங்கும். டைமருக்கென்று தனி த்ரெட்டோ சிக்னலோ எதுவும் இல்லை.

யூவி_டிசிபி_கனெக்ட்டில் டைம்அவுட் கொடுக்கும் இடமே இல்லையே?

இல்லைதான். விட்டுவிட்டால் கெர்னலின் பொறுமைதான் உங்கள் பொறுமை. 6.5-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல்களில், கனெக்ஷன் கேட்டு அனுப்பும் முதல் எஸ்ஒய்என் பாக்கெட் பதிலில்லாமல் போனால் இயல்பாக ஆறு முறை மறுபடி அனுப்பும். 1, 2, 4, 8, 16, 32, 64 செகண்ட் என்று காத்திருந்து மொத்தம் 127 செகண்ட் கழித்துத்தான் பிழை வரும். எந்தப் பயனரும் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்.

கனெக்ட் கூப்பிடும்போதே பக்கத்தில் ஒரு டைமரைத் தொடங்குங்கள், உதாரணமாக 5,000 மில்லிசெகண்ட். கனெக்ட் கால்பேக் முதலில் வந்தால் டைமரை நிறுத்துங்கள். டைமர் முதலில் அடித்தால் சாக்கெட்டின் மீது யூவி_க்ளோஸ் கூப்பிடுங்கள். அப்போது கனெக்ட் கால்பேக் காணாமல் போகாது. யூவி_இகேன்சல்ட் என்ற பிழையோடு வந்தே தீரும். அதற்கு அப்புறம்தான் க்ளோஸ் கால்பேக் வரும். கனெக்ட் கால்பேக்கில் "பிழை வந்தால் க்ளோஸ்" என்று எழுதியிருப்பீர்கள் இல்லையா, அங்கேதான் இரண்டாவது முறை க்ளோஸ் நடந்து ப்ரோக்ராம் அசர்ட்டில் விழும். எந்த க்ளோஸுக்கும் முன்னால் யூவி_இஸ்_க்ளோஸிங் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. இந்த டைமரைப் பெயர்த் தேடலுக்கு முன்பே தொடங்குவது நல்லது. யூவி_கெட்அட்ரின்ஃபோ லூப்பில் ஓடுவதில்லை. இயல்பாக நான்கு த்ரெட் மட்டுமே உள்ள ஒரு குழுவில் ஓடுகிறது, ஃபைல் வேலைகளும் அதே குழுவில்தான். பெயர்த் தேடல்கள் அதில் பாதியை மட்டுமே எடுக்க முடியும். மெதுவான டிஎன்எஸ் அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாத் தேடலும் வரிசையில் நிற்கும். எண்ணிக்கையை யூவி_த்ரெட்பூல்_சைஸ் என்ற சூழல் மாறியால் கூட்டலாம்.

எதிர்முனை பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் எப்படித் துண்டிப்பது?

யூவி_டைமர்_அகெய்ன் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். டைமரைத் தொடங்கும்போது டைம்அவுட், ரிபீட் இரண்டுக்கும் ஒரே மதிப்பைக் கொடுங்கள். ஒவ்வொரு முறை தரவு வரும்போதும் யூவி_டைமர்_அகெய்ன் கூப்பிட்டால், கணக்கு ரிபீட் மதிப்பிலிருந்து மறுபடி தொடங்கும். தரவு நின்றுபோனால் டைமர் அடிக்கும், அங்கே கனெக்ஷனை மூடுங்கள். ஒருமுறை கூட ஸ்டார்ட் செய்யாத டைமரில் அகெய்ன் கூப்பிட்டால் யூவி_இஇன்வால் பிழை திரும்பி வரும். பலர் திரும்பி வரும் மதிப்பைப் பார்ப்பதே இல்லை.

நான் பராமரித்த ஒரு சர்வரில் வண்டிகளில் பொருத்திய இருப்பிடக் கருவிகள் 30 செகண்டுக்கு ஒருமுறை ஒரு வரி அனுப்பும். வண்டி சிக்னல் இல்லாத இடத்துக்குப் போனால் அந்தக் கனெக்ஷன் மூடப்படுவதில்லை. மூடுகிறேன் என்று சொல்லும் பாக்கெட்டே நம்மிடம் வந்து சேராதே. கருவி மறுபடி சிக்னல் கிடைத்ததும் புதிதாக இன்னொரு கனெக்ஷன் போடும், பழையது நம் பக்கம் உயிரோடு இருப்பதாகவே காட்டும். முதல் பதிப்பில் நான் நேரக்கெடு வைக்கவில்லை. 400 வண்டிக்கு ஆயிரம் சாக்கெட் திறந்திருந்தது. பிறகு ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சாக்கெட்டுக்கும் கெர்னல் தரும் எண்) வரம்பான 1,024-ஐத் தொட்டு, ஒரு விடிகாலையில் புதிதாக யாரையும் ஏற்க முடியாமல் சர்வர் நின்றது. அன்றைக்கு வைத்தது 90 செகண்ட் டைமர்: மூன்று வரிகள் தொடர்ந்து வராவிட்டால் மூடு. அந்தச் சர்வரில் அந்தப் பிரச்சினை அப்புறம் வரவில்லை.

தரவு மிக வேகமாக வரும் கனெக்ஷன் என்றால், ஒவ்வொரு வாசிப்புக்கும் அகெய்ன் கூப்பிட்டு ஹீப்பைக் கலைக்க வேண்டாம். கடைசியாகத் தரவு வந்த நேரத்தை ஸ்ட்ரக்ட்டில் ஒரு எண்ணாக எழுதி வையுங்கள். டைமர் அடிக்கும்போது அதைப் பாருங்கள். இன்னும் நேரம் மிச்சம் இருந்தால் மிச்சத்துக்கு மட்டும் மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நான் இப்போதெல்லாம் இப்படித்தான் எழுதுகிறேன்.

சும்மா இருக்கும் நேரத்தை மட்டும் அளந்தாலும் போதாது. பத்து செகண்டுக்கு ஒரு பைட் அனுப்பும் ஒருவன் அந்த டைமரை என்றைக்கும் அடிக்க விடமாட்டான். முழுக் கோரிக்கையும் வந்து சேர ஒரு கெடு, எந்தத் தரவு வந்தாலும் தள்ளிப்போகாத கெடு, தனியாக வேண்டும்.

கீப்அலைவ் போட்டால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார்களே?

கீப்அலைவ் என்பது எதிர்முனை இருக்கிறதா என்று கெர்னலே சோதித்துப் பார்ப்பது. லினக்ஸின் இயல்பு மதிப்பில் முதல் கீப்அலைவ் பாக்கெட் 7,200 செகண்ட், அதாவது இரண்டு மணி நேரம் கழித்துத்தான் போகும். யூவி_டிசிபி_கீப்அலைவ்வில் இந்தத் தாமதத்தைச் செகண்டில் குறைத்துக் கொடுக்கலாம் (டைமர் மில்லிசெகண்டில், இது செகண்டில், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்). அப்படியும் அது சொல்வது "எதிர்முனையின் கெர்னல் பதில் தருகிறது" என்பதை மட்டுமே. அங்கே ப்ரோக்ராம் டெட்லாக்கில் நின்றிருந்தாலும் கெர்னல் பதில் தந்துகொண்டே இருக்கும். கீப்அலைவ் போடுங்கள், நல்லதுதான். உங்கள் சொந்த டைமரை எடுத்துவிடாதீர்கள்.

யூவி_க்ளோஸ் கூப்பிட்டதும் ஃப்ரீ செய்தால் க்ராஷ் ஆகிறது. எப்போதுதான் ஃப்ரீ செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

யூவி_க்ளோஸ் என்பது மூடச் சொல்லும் வேண்டுகோள். அது திரும்பி வந்த கணத்தில் ஹேண்டில் (லூப்பில் பதிந்த டைமர், சாக்கெட் போன்ற ஒன்று) இன்னும் லூப்பின் கையில் இருக்கிறது. லூப் தன் சுற்றின் கடைசியில் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு க்ளோஸ் கால்பேக்கைக் கூப்பிடும். அந்தக் கால்பேக்குக்குள்தான் மெமரி மறுபடி உங்களுடையது ஆகிறது. விண்டோஸை நினைத்துப் பாருங்கள்: கெர்னல் உங்கள் பஃபருக்குள் நேராக எழுதிக்கொண்டிருக்கலாம், பாதியில் அதை எப்படி ஃப்ரீ செய்வது?

இங்கே பலர் விழும் குழி, நானும் விழுந்த குழி, கனெக்ஷன் ஸ்ட்ரக்ட்டுக்குள் சாக்கெட்டும் டைமரும் சேர்ந்து இருக்கும்போது வருகிறது. நான் டைமரை ஸ்டாப் செய்தேன், சாக்கெட்டை க்ளோஸ் செய்தேன், சாக்கெட்டின் க்ளோஸ் கால்பேக்கில் முழு ஸ்ட்ரக்ட்டையும் ஃப்ரீ செய்தேன். சரியாகத்தான் தெரிந்தது. டைமர்தான் நின்றுவிட்டதே!

ஆனால் யூவி_டைமர்_ஸ்டாப் டைமரை ஹீப்பிலிருந்து மட்டுமே எடுக்கிறது. யூவி_டைமர்_இனிட் கூப்பிட்ட கணத்திலிருந்து, லூப் வைத்திருக்கும் ஹேண்டில் பட்டியலிலும் அது கோர்க்கப்பட்டிருக்கிறது. முன்னால் இருப்பவரின் பாயின்டரும் பின்னால் இருப்பவரின் பாயின்டரும் அதைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. க்ளோஸ் மட்டுமே அந்தக் கண்ணியைக் கழற்றும். நான் ஃப்ரீ செய்த பிறகு அடுத்த கனெக்ஷன் வந்து புது ஹேண்டில் ஒன்றை இனிட் செய்தபோது, லூப் அதைப் பட்டியலின் வாலில் சேர்க்கப் போய், செத்துப்போன டைமர் இருந்த இடத்தில் ஒரு பாயின்டரை எழுதியது. அந்த இடம் அதற்குள் வேறு யாருக்கோ கைமாறியிருந்தது. க்ராஷ் ஆனதோ சம்பந்தமே இல்லாத ஒரு ஸ்ட்ரிங் ஃபங்ஷனில். இரண்டு நாள் அந்த ஸ்ட்ரிங் ஃபங்ஷனைத்தான் சந்தேகப்பட்டேன். அட்ரஸ் சானிடைசரை (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) இயக்கி ஓட்டியதும் பத்து நிமிடத்தில் இடத்தைக் காட்டிவிட்டது.

சரியான வழி எளிமையானது. ஸ்ட்ரக்ட்டில் "இன்னும் எத்தனை ஹேண்டில் மூட வேண்டும்" என்று ஒரு எண் வையுங்கள். சாக்கெட், டைமர் இரண்டும் இருந்தால் 2. இரண்டுக்கும் க்ளோஸ் கூப்பிடுங்கள், இரண்டுக்கும் ஒரே க்ளோஸ் கால்பேக். அதற்குள் எண்ணை ஒன்று குறையுங்கள், பூஜ்யமானால் ஃப்ரீ. எது முதலில் வரும் என்ற வரிசையை நம்பி எதையும் எழுதாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் டைமரைத் தனியாக ஸ்டாப் செய்ய வேண்டியதும் இல்லை, க்ளோஸே அதைச் செய்துவிடும்.

வாசிப்புக் கால்பேக்கில் பூஜ்யம் வந்தது. கனெக்ஷன் முடிந்துவிட்டதா?

இல்லை. சாதாரண ரீட் அழைப்பில் பூஜ்யம் என்றால் முடிவு. லிப்யூவியில் பூஜ்யம் என்றால் "இப்போதைக்கு ஒன்றுமில்லை", அவ்வளவுதான். முடிவு என்பது யூவி_இஓஎஃப் என்ற நெகடிவ் மதிப்பாக வரும். நெகடிவ் எது வந்தாலும் மூடுவதுதான் முறை. அலாக் கால்பேக்கில் நீங்கள் ஒதுக்கிய பஃபரை, பூஜ்யம் வந்தாலும் நெகடிவ் வந்தாலும் திருப்பி விடுவிக்க மறக்காதீர்கள். லிப்யூவி பரிந்துரைக்கும் அளவு பொதுவாக 65,536 பைட். ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் 64 கேபி கசிந்தால் சர்வர் ஒருநாள் கூடத் தாங்காது.

அனுப்பிய தரவு எதிர்முனையில் குப்பையாகப் போய்ச் சேருகிறது.

யூவி_ரைட்டுக்குக் கொடுத்த பஃபர் ஸ்டாக்கில் இருந்திருக்கும். லிப்யூவி தரவை நகலெடுப்பதில்லை. சாக்கெட் உடனே எல்லாவற்றையும் ஏற்காவிட்டால் மீதியை உங்கள் பஃபரிலிருந்தே பிறகு அனுப்பும். ரைட் கால்பேக் வரும் வரை தரவும், அந்த ரைட் ரெக்வெஸ்ட் ஸ்ட்ரக்ட்டும் உயிரோடு இருக்க வேண்டும். பஃபர் பட்டியலின் வரிசையை மட்டும் அது நகலெடுத்துக்கொள்ளும். சோதனையில் இந்தப் பிழை தெரியாது. உள்ளூர் நெட்வொர்க்கில் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும்.

எதிர்முனை மெதுவாக வாசித்தால் என் மெமரி ஏறுகிறதே?

யூவி_ரைட் "போதும்" என்று எப்போதும் சொல்லாது, கொடுக்கக் கொடுக்க வரிசையில் வைக்கும். யூவி_ஸ்ட்ரீம்_கெட்_ரைட்_க்யூ_சைஸ் கேட்டு, நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டினால் தரவின் மூலத்தில் யூவி_ரீட்_ஸ்டாப் செய்யுங்கள், வடிந்ததும் தொடங்குங்கள். வடியவே இல்லை என்றால்? அதற்கும் ஒரு டைமர்.

பைண்ட் வெற்றி என்று சொன்னது, லிசனில் "முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்" என்று பிழை.

வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்தப் பிழையை லிப்யூவி வைத்திருந்து லிசனிலோ கனெக்ட்டிலோதான் தரும். இரண்டின் மதிப்பையும் பாருங்கள்.

புள்ளிவிவர டைமர் ஒன்று இருப்பதால் ப்ரோக்ராம் முடியவே மாட்டேன் என்கிறது.

உயிருள்ள ஹேண்டில் ஒன்றாவது இருக்கும் வரை யூவி_ரன் திரும்பாது. அந்த டைமருக்கு மட்டும் யூவி_அன்ரெஃப் கூப்பிடுங்கள். டைமர் வழக்கம்போல அடிக்கும், ஆனால் லூப்பைப் பிடித்து வைக்காது.

இன்னொரு த்ரெட்டிலிருந்து டைமரைத் தொடங்கலாமா? சாக்கெட்டில் எழுதலாமா?

கூடாது. லூப்பைத் தொடும் அழைப்புகளில் வேறு த்ரெட்டிலிருந்து பாதுகாப்பாகக் கூப்பிடக்கூடியது யூவி_அசிங்க்_செண்ட் மட்டும்தான். அது லூப்பை எழுப்பும், அதன் கால்பேக் லூப் த்ரெட்டில் ஓடும், அங்கிருந்து டைமரைத் தொடங்குங்கள். ஐந்து முறை செண்ட் செய்தால் ஒரே ஒரு கால்பேக் வரலாம் என்பதையும் கவனியுங்கள். வேலைகளை மியூடெக்ஸ் போட்ட ஒரு வரிசையில் வைத்து, கால்பேக் வந்ததும் வரிசை காலியாகும் வரை எடுங்கள்.

மூடும்போது யூவி_லூப்_க்ளோஸ் "இபிஸி" பிழை தருகிறது.

மூடாத ஹேண்டில் ஏதோ பாக்கி இருக்கிறது. யூவி_வாக் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து, மூடப்படாதவற்றுக்கு க்ளோஸ் கூப்பிட்டு, க்ளோஸ் கால்பேக்குகள் வந்து முடிய யூவி_ரன்னை இன்னொரு முறை ஓட்டுங்கள். அப்புறம் லூப்பை மூடுங்கள். வளர்ச்சிக் கட்டத்தில் யூவி_ப்ரிண்ட்_ஆல்_ஹேண்டில்ஸ் என்ற ஃபங்ஷனையும் கூப்பிட்டுப் பாருங்கள், எந்த வகை ஹேண்டில் மிச்சம் என்று வரிவரியாக அச்சிடும். நான் பார்த்த வரையில் அந்தப் பட்டியலில் பெரும்பாலும் நிற்பது, ஸ்டாப் செய்துவிட்டு க்ளோஸ் செய்ய மறந்த டைமர்.